ல-வுக்கு மேல் ஒரு குமிழி

பெரியம்மா உரக்கப் படிக்க, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் கேட்டுக்கொண்டிருக்கும் என் அன்புள்ள பெரியப்பாவுக்கு,

அன்று அச்சகத்தில் நான் சொல்லாமல் விழுங்கியவை மொத்தம் ஏழு சொற்கள். "பெரியப்பா, புள்ளி உங்கள் கண்ணில் இல்லை, லேபிளில்தான் இருக்கிறது." பதினெட்டு நாளாக இந்த ஏழும் தொண்டையில் குறுக்கே நிற்கின்றன. இன்று எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் முறைப்படி விசாரிப்புகள். இரண்டு கண்ணும் நல்லபடியாக முடிந்ததென்றும், டாக்டர் அனுமதிக்கும்வரை எழுத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாதென்றும், உங்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்கா சொன்னாள். இங்கே நான் நலம், அண்ணன் நலம், நீங்கள் பீர் காய்ச்சும் செப்பு அண்டாவும் நலம். தினமும் துடைப்பதாக அண்ணன் சொல்கிறான், அண்டா மறுக்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், கத்துவது கண்ணுக்கு ஆகாது. தவிர, பேச்சைவிட எழுத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் கூடுதல். உங்கள் மேஜையில்தான் எழுதுகிறேன். காற்றில் தாள் பறக்கிறது என்று காய்ச்சும் அறை ஜன்னலில் கிடந்த கூழாங்கல்லை எடுத்துவந்து மேலே வைத்திருக்கிறேன். நல்ல கனம். ஏனோ லேசாகக் கசப்பு வாசனை அடிக்கிறது.

நடந்தது இதுதான். நம் பீரின் புது லேபிளில் "கலகலப்பு" என்ற பெயரில் வருகிற ப்-க்கு மேலுள்ள புள்ளியை நான் ஒரு நுரைக் குமிழியாக வரைந்திருந்தேன். அந்தச் சாமர்த்தியத்துக்காக இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அடியிலிருந்து இன்னும் பதினாறு குமிழிகள் எழும்பி வரும். அச்சகக்காரரோ நம் பாட்டில் ஒல்லி என்று படத்தின் அகலத்தைக் குறைத்திருக்கிறார். எழுத்துகள் இருந்த இடத்தில் நின்றன, குமிழிகள் நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்தன, அதில் ஒன்று போய் முதல் ல-வின் தலையில் உட்கார்ந்துகொண்டது. கலகலப்பு, கல்கலப்பு ஆகிவிட்டது. மாதிரித் தாளைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் தாளை மூக்குநுனிவரை கொண்டுபோய்விட்டீர்கள்.

"என்ன இது, முதல் ல மேல ஏதோ புள்ளி மாதிரி தெரியுது?"

இரண்டு வருடமாக ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதும் நீங்கள் ஒளிந்துகொள்வதுமாக அலுத்துப்போயிருந்த பெரியம்மா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"புள்ளி தெரியுதாம்! கேட்டீங்களா எல்லாரும்? அது காகிதத்துல இல்லைங்க, உங்க கண்ணுல இருக்கு!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா," என்றான் அண்ணன், தாள் இருந்த பக்கமே திரும்பாமல்.

அச்சகக்காரரும் தன் பங்குக்கு, "எங்க மாமனாருக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. முதல்ல புள்ளி, அப்புறம் பூச்சி, அப்புறம் என்னையே யாருன்னு கேட்டாரு," என்றார்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நீ சொல்லும்மா. உன் கண்ணு நல்ல கண்ணு."

நான் "ம்" என்றேன். அதற்கு எந்தப் பொருளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் தலையிலும் ஒரு புள்ளி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். புள்ளி நிஜம் என்று நான் சொல்லியிருந்தால், "பாத்தீங்களா, கழுகுக் கண்ணு" என்று ஆபரேஷனை இன்னும் இரண்டு வருடம் தள்ளியிருப்பீர்கள். முந்தின வாரம்தான் வெப்பமானியைத் தப்பாகப் படித்து ஒரு அண்டா பீரைச் சாக்கடையில் விட்டிருந்தீர்கள். ஆகவே நான் வாயை மூடிக்கொண்டேன், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், "சரி, நாள் பாருங்க" என்றீர்கள், பெரியம்மா அழுதே விட்டார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அச்சகத்துக்குப் போன் செய்து குமிழியை நகர்த்தச் சொல்லலாம் என்பது என் திட்டம். எட்டரைக்கே அண்ணன் போய், "அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு, ஓட்டுங்க" என்று சொல்லி நாலாயிரம் லேபிளையும் அச்சடித்து வாங்கிவந்துவிட்டான்.

பெரியம்மா, அடுத்த பத்தியை மட்டும் வாய்க்குள் படித்துவிட்டு, தொண்டை கட்டியதுபோல் ஒரு செருமல் செருமிவிட்டுத் தாண்டிவிடுங்கள்.

பெரியப்பாவே எழுதி ஒட்டிய பழைய லேபிளைப் பற்றி இத்தனை காலம் அவரிடம் யாரும் உண்மை சொன்னதில்லை. வெள்ளைத் தாளில், சேர்மானங்கள் அத்தனையையும் பொடி எழுத்தில் போட்டு, பழுப்பு பாட்டிலில் ஒட்டினால் அது இருமல் மருந்து. கடைக்கார அம்மாவிடம் ஒருவர், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டிருக்கிறார். நாலு பாட்டில் வைக்கிற அந்த அட்டைப் பெட்டி அதற்கு மேல். வாங்கினவர் தெருமுனை திரும்புவதற்குள் அடி பிரிந்து, பாட்டில்கள் தவணை முறையில் கீழே இறங்கும். "குடிக்கிறவன் நாக்கால குடிக்கிறான், கண்ணாலயா குடிக்கிறான்?" என்பார் பெரியப்பா. அந்த நாக்குவரை பாட்டில் போய்ச் சேர வேண்டாமா, பெரியம்மா?

இனி உரக்கப் படிக்கலாம்.

கடைக்கார அம்மா புது லேபிளுக்கு அலமாரியில் இடம் கொடுத்தபோது என்ன சொன்னார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். "மூணு வாரம் தர்றேன். சரக்கு நகரலைன்னா அங்க சோடா வச்சிடுவேன், வருத்தப்படக் கூடாது." நீங்களும் வீம்புக்கு, நகராவிட்டால் அண்டாவை விற்றுவிட்டு அக்கா வீட்டிலேயே பேரன்களோடு உட்கார்ந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினீர்கள். நீங்கள் வீம்புக்குச் சொன்னதைச் செய்கிறவர் என்பதுதான் எங்கள் கவலை. அந்த நிலைமையில் நம் பீர், அலமாரியில் தன் நெற்றியிலேயே கலப்படம் என்று எழுதிக்கொண்டு போய் நின்றது. முதல் பெட்டியைப் பிரித்ததுமே கடைக்கார அம்மா படித்துவிட்டார்.

"என்னப்பா இது, கல் கலப்புன்னு போட்டிருக்கு? அரிசியில கல்லு கிடந்தா அதை மறைப்பாங்க. நீங்க பேரே வச்சிருக்கீங்க!"

எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அதாங்க விசேஷம். கல்லைப் பழுக்கக் காய்ச்சி உள்ள போட்டுச் செய்யறது. ரொம்பப் பழைய முறை. இப்ப யாரும் மெனக்கெடறதில்லை."

வெளியே வந்ததும், "ஏண்ணா இப்படிப் புளுகினே?" என்றேன்.

"நீதான் புள்ளி வச்சே. நான் அதுக்கு அர்த்தம் வச்சேன். குடும்பத் தொழில்னா அப்படித்தான்."

பிறகு நான் புத்தகங்களில் தேடினேன், பெரியப்பா. சில நாடுகளில் முன்பு அப்படி உண்மையாகவே காய்ச்சியிருக்கிறார்கள். அண்ணன் வாயில் தப்பித்தவறி ஓர் உண்மை வந்துவிட்ட அதிர்ச்சியிலிருந்து நான் மீள ஒரு நாள் ஆனது.

அதன்பின் தினமும் மாலையில் ஒரு மணி நேரம், எலுமிச்சைச் சாறு பாட்டிலின் பின்பக்கத்தைப் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு நம் அலமாரிக்கு எதிரே நின்றேன். மனிதர்களின் முகத்தைவிட அவர்கள் கையைப் பார்ப்பது எனக்குச் சுலபம். கை முதலில் வழக்கமான பாட்டிலுக்குத்தான் போகும்; போகிற வழியில் நம் குமிழிகளைக் கண்டு தயங்கும்; "கல்கலப்பு" என்று உதடு அசையும்; பாட்டில் அலமாரியை விட்டு வெளியே வந்துவிடும். வந்தபின் ஒவ்வொருவரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் கல் கிடக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார்கள். ஆட்டின பாட்டிலைத் திருப்பி வைக்க யாருக்கும் மனசு வராது போலிருக்கிறது. புதுப் பெட்டி வேறு, கெட்டி அட்டை, விரலை அறுக்காத கைப்பிடி. ஒரு பெண்மணி தட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி நல்லா இருக்கு, கரண்டி போட்டு வைக்கலாம்" என்று வாங்கிப்போனார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். "பெட்டி இருக்கட்டும், உள்ள இருந்ததைக் குடுங்க" என்றார். அன்று வீடுவரை சிரித்துக்கொண்டே நடந்தேன்; எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

உச்சம் என்றால் அந்தக் கொத்தனார்தான். கடை வாசலிலேயே மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, கூட்டம் சேரும்வரை காத்திருந்து, தீர்ப்புச் சொன்னார்.

"முப்பது வருஷமா கல்லோட பொழைக்கிறவன் நான். கருங்கல்லுன்னு நினைச்சேன். இல்லை. இது ஆத்துக் கல்லு. கூழாங்கல்லு."

"வாயில சிமென்ட்டு இருந்தா எல்லாம் கல்லாத்தான் தெரியும்," என்றார் ஒருவர்.

"நீ போய் சோடா குடி," என்றார் கொத்தனார்.

ஒரு குமிழியால் ஒரு மனிதரின் நாக்கில் ஓர் ஆற்றையே ஓடவிட முடியும் என்று எனக்கு அப்போது புரிந்தது. பாவம், நல்ல மனிதர், இப்படியும் ஏமாறுவாரா என்று மனத்துக்குள் அவரைக் கொஞ்சம் கேலியும் செய்தேன். எது எப்படியோ, மூன்று வாரச் சரக்கு பதினோரு நாளில் தீர்ந்தது. கடைக்கார அம்மா நமக்கு இன்னொரு தட்டும் ஒதுக்கியிருக்கிறார், ஒரே நிபந்தனையோடு: "அதே லேபிள் வரணும். புள்ளி இல்லாம வந்தா டூப்ளிகேட்னு திருப்பிடுவேன்."

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. விற்றது உங்கள் பீரா, என் பிழையா என்று தெரியவில்லை. பொய் சொல்கிற பாட்டிலில் உங்கள் பீரை ஊற்ற மாட்டீர்கள் என்றும் தெரியும். குமிழியை நகர்த்தினால் அலமாரி போகும். நகர்த்தாவிட்டால் இல்லாத கல்லை விற்றவர்கள் ஆவோம். அதைவிட, உங்கள் கண் சரியாகப் பார்த்த ஒன்றை இல்லை என்று நினைக்கவைத்து உங்களைக் கத்திக்கு அனுப்பினேன். மன்னிப்பீர்களோ மாட்டீர்களோ, லேபிளை மாற்றவா வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எனக்குத் திட்டும் டாக்டர் சொன்ன அளவில் விடவும். பெரியம்மாவின் குரலுக்கு வெந்நீர். பேரன்களின் கன்னத்துக்கு என் சார்பில் ஒரு கிள்ளு.

என்றும் உங்கள் பிரியத்துக்குரிய,
புள்ளி வைத்தவள்

பின்குறிப்பு: தபால் தலை வாங்க மறந்ததால் இந்தக் கடிதம் மூன்று நாள் கல்லுக்கடியிலேயே இருந்தது. அதற்குள் உங்கள் போன் வந்துவிட்டது. நீங்கள் பேசியதையே உங்களுக்கு எழுதுவது அசட்டுத்தனம். ஆனாலும் இதை இப்போது நீங்களே படிக்கலாம் என்பதால் எழுதிவைக்கிறேன். (செருமல் பத்தியைத் தாண்டிவிடவும்.)

"கல்கலப்பு!" என்றுதான் ஆரம்பித்தீர்கள்.

"கத்தாதீங்க பெரியப்பா, டாக்டர்..."

"கத்தலைம்மா, படிக்கறேன்! டாக்டர் மேஜையில நம்ம பாட்டில் இருக்கு. உங்கண்ணன் அனுப்பினானாம். சுவத்துல இருந்த எழுத்தையெல்லாம் முடிச்சிட்டு இதையும் படிச்சுட்டேன். யார் வச்ச புள்ளி இது?"

ஏழு சொற்களையும் ஒருவழியாகச் சொன்னேன். வாயால் சொன்னபோது எட்டாகிவிட்டன: "பெரியப்பா, புள்ளி உங்க கண்ணுல இல்லை, அன்னைக்கே லேபிள்லதான் இருந்துச்சு."

நீங்கள் சிரித்த சிரிப்பில் டாக்டர் போனைப் பிடுங்கப் பார்த்தது எனக்கே கேட்டது.

"அன்னைக்கா? அன்னைக்கு எனக்கு லேபிளே தெரியலைம்மா. வெள்ளையா ஒரு காகிதம், அவ்வளவுதான். ஏதாவது ஒரு குறை சொன்னாத்தானே பார்த்த மாதிரி இருக்கும்? வாய்க்கு வந்த எழுத்தைச் சொன்னேன்."

"அப்போ லேபிளை மாத்திடவா? கல்லே இல்லாம..."

"யார் சொன்னா கல்லு இல்லைன்னு? கசப்புக்குப் போடற ஹாப்ஸ் பூவைத் துணிப் பையில கட்டி அண்டாவுக்குள்ள இறக்கறேனே, அது மிதக்காம இருக்க உள்ள என்ன வைக்கறேன்னு நினைச்சே? முப்பது வருஷமா ஒரே கூழாங்கல்லு. போற அன்னைக்கு ஜன்னல்ல காயவச்சிட்டு வந்தேன். பத்திரமா இருக்கில்ல?"

நான் "ம்" என்றேன்.

கொத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. கல்லைக் கடிதத்தின் மேலிருந்து எடுத்துக் கழுவி ஜன்னலில் வைத்தேன். இன்று காலை நீங்கள் போனில் சொல்லச் சொல்ல அண்ணன் முதல் முறையாகக் காய்ச்சினான். கல் உள்ளே போனது. லேபிளில் குமிழி அதே இடத்தில் இருக்கிறது.