அதிகாரியின் கன்னத்தில் பச்சையம்

என் வாழ்நாளில் நான் செய்த விஞ்ஞான நிரூபணம் ஒன்றே ஒன்றுதான். ஓர் அரசு அதிகாரி தாவர இனத்தைச் சேர்ந்தவர் என்று நிரூபித்தேன். சாட்சி, முப்பத்தொரு மாணவர்களும் ஒரு தலைமையாசிரியரும். நடந்தது 1957 பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை, மூன்றாம் பீரியட். (என் மனைவி வெள்ளிக்கிழமை என்பாள். அவள் அங்கே இல்லை. என் டைரி இருந்தது.)

அப்போது பொன்னேரியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தற்காலிக விஞ்ஞான ஆசிரியர். தற்காலிகம் என்ற சொல்லின் முழுப் பொருளும் தெரிய வேண்டுமானால் கல்யாணம் பேசிப் பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் எனக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. பெண்ணுக்கும் என்னைப் பிடித்திருந்தது (அப்படித்தான் சொன்னார்கள்). பெண்ணின் தகப்பனார் மட்டும், "வேல பர்மனென்ட் ஆவட்டும் தம்பி. அப்பால தேதி குறிச்சிக்கலாம், அவசரம் இன்னா?" என்று சொல்லிவிட்டார். பர்மனென்ட் ஆக்குவது கல்வி இன்ஸ்பெக்டரின் பேனாவில் இருந்தது. அவர் என் வகுப்பில் உட்கார்ந்து ஒரு பாடம் கேட்டு, ரிப்போர்ட் எழுத வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்த பாடம் உயிரணு. அந்த வருஷங்களில்தான் வெளிநாடுகளில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்து உயிரணுவின் உள்ளறைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்த பத்திரிகைகளையெல்லாம் படித்துவிட்டு, அந்த ஆராய்ச்சிக்கு நானும் ஒரு பங்காளி என்கிற தோரணையில் நடமாடினேன்.

உயிரணு என்பது நம் ஊர் மாதிரி என்று வகுப்பில் சொன்னேன். நடுவில் உட்கரு, அது தாலுகா ஆபீஸ், உத்தரவெல்லாம் அங்கிருந்து. மைட்டோகாண்ட்ரியா, அரிசி மில் பாய்லர். தீனி போட்டால் சக்தி வரும். இவை செடிக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. செடியின் உயிரணுவுக்கு மட்டும் சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், உள்ளே சோழவரம் ஏரிபோல ஒரு நீர்ப்பை, வெயிலில் சமையல் செய்யும் பச்சைத் துணுக்குகள்.

"சுவரும் பச்சையும் இருந்தா?"

"செடி சார்."

மூன்று வாரம் இதைக் கோரஸாகச் சொல்ல வைத்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள் என்று தலைமையாசிரியரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

செய்முறைக்கு, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் கன்னத்தின் உட்புறத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு சொட்டு அயோடின் விட வேண்டும். அதற்கு முன் குழாயடிக்குப் போய் மூன்று முறை வாய் கொப்புளித்தாக வேண்டும். இது என் கண்டிப்பான சட்டம். முதல் நாள் ஒரு பையன் கொப்புளிக்காமல் வந்து, அவன் கன்னத்திலிருந்த காலை இட்லி அயோடின் பட்டு நீலமாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். தலைமையாசிரியர் அறையில் தாம்பூல உபசாரம் முடித்து, சிவந்த வாயும் மலர்ந்த முகமுமாக, அவரையும் அழைத்துக்கொண்டு வந்து என் வகுப்பில் அமர்ந்தார். தாலுகா ஆபீஸுக்குத் தலையாட்டினார். பாய்லருக்குச் சிரித்தார். என் கண்முன்னே கல்யாணப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது.

"யார் கன்னத்துலேர்ந்து எடுக்கப் போறீர்? என்னுதுலயே எடுமேன்" என்றார்.

இங்கே நான் என் சட்டத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வேலையை உறுதி செய்ய வந்தவரிடம், 'ஐயா, எழுந்து போய்க் குழாயடியில் துப்பிவிட்டு வாருங்கள்' என்று இருபத்து நான்கு வயதுத் தற்காலிகம் எப்படிச் சொல்லும்? இரண்டு முறை வாயைத் திறந்தேன். மூன்றாம் முறை வந்தது, "நாங்க குடுத்து வச்சிருக்கணும் சார்."

சுரண்டினேன், தடவினேன், அயோடின் விட்டேன். நான் பார்க்காமலே வகுப்பின் கெட்டிக்காரி தேவகியை அழைத்தேன். (முதல் பார்வை மாணவருக்கே என்பது என் கொள்கை. கொள்கை உள்ளவனுக்கு வேறு எதிரி வேண்டாம்.)

"என்னம்மா தெரியுது?"

"கட்டம் கட்டமா கீது சார்."

"கட்டம் இருக்காதும்மா. ஓரமெல்லாம் நெளிஞ்சு இருக்கும். நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்துக்கினு கீறேன் சார். சுத்தி செவுரு கீது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "உள்ளே?" என்று கேட்டேன்.

"பச்ச பச்சயா இன்னாவோ கீது சார்."

யாரும் தூண்டவில்லை. மூன்று வாரப் பயிற்சி தானாக வேலை செய்தது. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது: "செடி சார்."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எது நான்?"

நானும் பார்த்தேன். "ஓரத்துல வெளிறிப்போய் ஒண்ணு இருக்கே சார், அதுதான் நீங்க."

"மத்ததெல்லாம்?"

"வெத்தலை சார்."

தலைமையாசிரியர், "நம்ம பசங்க கொப்புளிச்சிட்டுத்தான் வருவாங்க சார்" என்று சொல்லும்போதே இருமல் வந்து வெளியே போய்விட்டார்.

"பசங்களைக் கொப்புளிக்கச் சொல்வீராமே. என்னைச் சொல்லலியே?"

"மரியாதையா இருக்காதேன்னு சார்..."

"செடியாக்கினது மட்டும் மரியாதையோ?"

ஏதோ எழுதிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். சாயங்கால பாசஞ்சரிலேயே சேதி கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தகப்பனார் என் அறைக்கு வந்து நின்றார்.

"ஆபீசர செடின்னியாமே?"

"நான் சொல்லலீங்க, பசங்கதான்."

"பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"பேஜாரு பண்ணிட்டியே தம்பி. ஊட்டுல வேற எடம் பாக்கச் சொல்லிக்கினு கீறாங்க. ரிப்போட்டு வர்ற வரைக்கும் பாக்கறேன், அதுக்கு மேல என்னால ஆவாது" என்று போய்விட்டார்.

ரிப்போர்ட் வரப் பதினேழு நாள் ஆயிற்று. அதற்குள் நான் ஐந்து ராத்தல் இளைத்தேன். தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எனக்கு வாசித்தார்: "பாடம் மாணவர் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது. யார் முன்னிலையிலும் அதை மாற்றிச் சொல்ல மறுக்கிறார்கள். ஆசிரியரை நிரந்தரமாக்கலாம். இனிச் செய்முறைக்கு வெங்காயத் தோல் போதுமானது."

ஆனி மாதம் கல்யாணம் நடந்தது. அன்று முதல் எங்கள் குடும்பத்தில் யார் எதை அடித்துப் பேசினாலும் எதிர்வாதம் செய்வதில்லை. "போய்க் கொப்புளிச்சிட்டு வந்து சொல்லு" என்பார்கள். அதிகம் கேட்டவன் நான்.

வெகுகாலம் கழித்து எங்கள் மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் தகப்பனார் தம் வம்சப் பெருமையை அரை மணி நேரமாக விவரித்துக்கொண்டிருந்தார். என் மனைவி மெல்ல என் பக்கம் சாய்ந்து, "கொப்புளிக்கச் சொல்லட்டுமா?" என்றாள்.

மரியாதை கருதி, வேண்டாம் என்றேன்.