அன்றைக்கு அங்கே இருந்தவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பெரும்பாலும் ஆண்கள். வயது ஐம்பதை ஒட்டி. தலையில் முடி கொட்டிய அளவுக்கு ஞாபகத்தில் முடி வளர்ந்தவர்கள். இவர்களை அடையாளம் காண்பது சுலபம். டீக்கடையிலோ லிஃப்டிலோ வரிசையில் நிற்கும்போதோ எங்கிருந்தாவது ஒரு புதுப் பாட்டு காதில் விழுந்தால் போதும், கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றை விரலை உயர்த்தி நம்மை அப்படியே நிறுத்தி, கால் நிமிஷம் கேட்டுவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்கி, "ம்ஹூம், இதெல்லாம் ஒரு பாட்டா?" என்பார்கள். அதோடு விட்டால் தேவலை. விடுவார்களா?

"அன்னிக்கு நான் அங்க இருந்தேன் சார்."

எங்கே, எந்தக் கச்சேரியில் என்று நீங்கள் கேட்கவேண்டியதில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்வதுதான் இவர்களுடைய தொண்டு.

எனக்கு வாய்த்தவர் ஒரு பல் டாக்டர். வாய்த்தவர் என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். இந்த இனத்தில் மற்றவர்களுக்கெல்லாம் ஒரு பெரிய கஷ்டம் இருக்கிறது: கேட்கிறவர் பாதியில் எழுந்து போய்விடுவார். பல் டாக்டருக்கு அந்தக் கவலை இல்லை. நாற்காலியைச் சாய்த்து, கழுத்தில் துணி கட்டி, ஊசி போட்டுப் பாதி முகத்தை மரக்கவைத்து, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்து, நாக்குக்கு அடியில் எச்சில் உறிஞ்சும் குழாயைத் தொங்கவிட்டபிறகுதான் அவர் தன் இளமைக்காலத்துக்குள் நுழைவார். உலகத்திலேயே இவ்வளவு ஒழுங்கான சபை எந்தப் பேச்சாளருக்கும் கிடைத்ததில்லை. யாரும் குறுக்கே பேசுவதில்லை. எல்லோருக்கும் வாய் பிளந்திருக்கிறது.

விஷயம் ஒரு ராக் ஆல்பம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நாலு பேர் சேர்ந்து போட்டது. ஒன்பது பாட்டு. அதன் பெயரை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இதைக் கீழே வைத்துவிட்டு நீங்களே பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த ஆல்பம் வந்த வருஷம் அந்த நாலு பேரும் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். அதில் ஒரு கச்சேரிக்கு டாக்டர் போனார். போனவர் இன்னும் திரும்பி வரவில்லை.

என் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால். நாலு சிட்டிங். ஆக, அந்தக் கச்சேரிக்கு நானும் நாலு தடவை போனேன். முதல் தடவை டாக்டர் ஹாலின் கடைசியில், ஒரு தூணுக்குப் பின்னால், மழையில் நனைந்த சட்டையோடு நின்றார். இரண்டாவது தடவை தூணைக் காணோம், ஏழாவது வரிசை. மூன்றாவது தடவை மேடைக்கு நேர் கீழே நின்று, பாடகரின் வியர்வையில் ஒரு சொட்டு தன் நெற்றியில் விழுந்ததாகச் சொல்லி, விழுந்த இடத்தையும் தொட்டுக் காட்டினார். நாலாவது சிட்டிங்கில் கிதார் கம்பி அறுந்தது. "கம்பி அறுந்ததும் அவர் யாரைப் பாத்தாருங்கறீங்க? என்னைப் பாத்தாரு சார். 'இப்ப என்னப்பா பண்றது'ன்னு கேக்கற மாதிரி ஒரு பார்வை." நான் "ஆ" என்றேன். அது வியப்பு இல்லை. நரம்பில் ஊசி பட்டிருந்தது.

வெளியே வந்தபோது நர்ஸ் அக்கா சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்: "நல்லவேளை சார், நாலோட முடிஞ்சுது. அஞ்சாவது சிட்டிங் இருந்திருந்தா மேடையேறி வாசிச்சிருப்பாரு." அவர் அந்த க்ளினிக்கில் பதினேழு வருஷமாக இருக்கிறார். அவருக்குத் தெரியாதா?

டாக்டர் வீட்டில் நடப்பது இன்னும் விசேஷம். முன்னறையில் ஒரு ரெக்கார்டு பிளேயர். இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். நடுவில் அளந்து போட்ட ஒரே ஒரு நாற்காலி. அது யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை. இசைத்தட்டைத் துடைக்க அவர் வைத்திருக்கும் பிரஷ், நம் ஈறில் வைக்கும் பிரஷைவிட மென்மையானது. தட்டு சுற்றும்போது வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது, போன் அடிக்கக் கூடாது, விருந்தாளி இருமக் கூடாது. ஆனால் ஐந்தாவது பாட்டில் யாரோ லேசாக இருமியது பதிவாகியிருக்கிறது. அந்த இடம் வந்ததும் விரலை உயர்த்தி, "கேட்டீங்களா! இருமல்!" என்று பரவசப்படுவார். மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒருதடவை அந்த இருமல் வருவதற்கு அரை நொடி முன்னால் தும்மிவிட்டார். மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

இசை எந்தத் தேதியில் செத்தது என்று இவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதற்குப் பிறகு யார் என்ன வாசித்தாலும் அது சத்தம்தான். விசித்திரம் என்னவென்றால், இசை செத்த வருஷமும் டாக்டருக்கு இருபத்துமூன்று வயது முடிந்த வருஷமும் ஒன்று. இந்த இனத்தில் யாரைக் கேட்டாலும் கணக்கு இப்படித்தான் வருகிறது. யாரும் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை.

டாக்டருக்கு ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். பிறந்ததிலிருந்து அந்த ஒன்பது பாட்டைத் தவிர வேறெதுவும் காதில் விழாமல் வளர்ந்த பிள்ளை என்ன ஆகும்? டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்தது. வகுப்புத் தோழிகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு; மாடி அறையில் பயிற்சி. அப்பாவின் ரெக்கார்டு ஓடும் நேரத்தில் டிரம்ஸ்மேல் தலையணையைப் போட்டுத் தட்டவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? டாக்டரின் மனைவி சொன்னார். அவர் பள்ளியில் கணக்கு டீச்சர். என் பெண்ணுக்குப் பாடம் எடுத்தவர். "அந்த ரெக்கார்டுல வர்ற ஒவ்வொரு அடியும் அவளுக்கு மனப்பாடம் சார். யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டா, அப்பாகிட்டங்கறா. அவருக்கு அது தெரியவே தெரியாது" என்றார்.

ஒருநாள் நான் க்ளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண்ணே வந்து சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள். என்னிடமும் ஒன்று நீட்டினாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி அங்கிள். நூலக மாடியில இருக்கற ஹால். எங்க முதல் கச்சேரி. நாலாவது பாட்டு நானே எழுதினது."

"அப்பா வர்றாரா?"

"வர்றேன்னு சொல்லியிருக்கார்" என்றாள். படியிறங்கும்போது திரும்பி, "கண்டிப்பா வர்றேன்னார்" என்று மறுபடியும் சொன்னாள். அந்த இரண்டாவது தடவை எனக்குத்தான் சொன்னாளா என்பது சந்தேகம்.

வந்தார். பொய் சொல்லக் கூடாது, வந்தார். நூறு நாற்காலி, அறுபது பேர். மூன்றாவது வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், நான் பின்வரிசையில். முதல் பாட்டு முழுக்க ஸ்பீக்கர் வைத்த கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் கைக்கடிகாரத்தை. அது முடிந்து எல்லோரும் கைதட்டும்போது எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று வெளியே போனார்.

மூன்றாவது பாட்டு முடியப் போகிறது. ஆளைக் காணோம். மனைவி திரும்பி என்னிடம், "சார், அடுத்தது அவ பாட்டு. கொஞ்சம் கூப்பிட்டு வந்துடறீங்களா? நான் எழுந்து போனா அவ மேடையிலருந்து பாத்துடுவா" என்றார்.

போனேன். நடைபாதையில் டீ வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார். எதிரே ஒரு பஸ் டிரைவர்; மேடையில் கிதார் வாசிக்கும் பெண்ணின் பெரியப்பா. அவர் தொப்பைமேல் இழுத்துப் போட்டிருந்த பனியனில் அந்த ஆல்பத்தின் அட்டைப்படம். வெளுத்து, விரிசல் விட்டு, நாலு பேரில் இரண்டு பேருக்கு முகமே இல்லை. பாம்பின் கால் பாம்பறியும். இருவரும் அதற்குள் இருபத்தெட்டு வருஷம் பின்னால் போய்விட்டிருந்தார்கள்.

"நீங்களும் அன்னிக்கு அங்க இருந்தீங்களா?"

"நான் இல்லாமயா!"

"அப்ப சொல்லுங்க. எல்லாரும் போகாம கத்திக்கிட்டு நின்னோமே, திரும்ப வந்து எத்தனை பாட்டு வாசிச்சாங்க?"

"ரெண்டு."

"மூணு!" என்றார் டாக்டர், தன் மகளை யாரோ ஏதோ சொல்லிவிட்ட மாதிரி.

"டாக்டர், உங்க பொண்ணோட பாட்டு ஆரம்பிக்கப் போவுது" என்றேன்.

"ஒரு நிமிஷம் சார். மூணுன்னா மூணு. நான் மேடைக்குக் கீழ நிக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"கீழ நின்னா எண்ணிக்கை கூடுமா?" என்றார் டிரைவர்.

இங்கே ஒரு விஷயத்தை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் என்னவோ ஒரு அரிப்பு. "டாக்டர், நாலாவது சிட்டிங்ல நீங்களே ரெண்டுன்னுதான் சொன்னீங்க" என்றேன். நான் அந்தக் கச்சேரிக்குப் போனதே இல்லை. அந்த ஆல்பத்தை முழுசாகக் கேட்டதுகூட இல்லை. இருந்தும் சொன்னேன். பற்றிக்கொண்டது தீ. மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினோம்.

அப்போதுதான் உள்ளே டிரம்ஸ் ஆரம்பித்தது. மெதுவாக, ஒற்றை ஒற்றை அடியாக. பிறகு மழை பிடித்தது போல.

"என்ன இரைச்சல்! பேச முடியுதா?" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கையை நீட்டி ஹால் கதவைச் சாத்தினார்.

கனமான கதவு. சத்தம் அடங்கிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ விடாமல் கதவைத் தட்டுவது மாதிரி மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. டாக்டர் அந்த அமைதியைப் பயன்படுத்திக்கொண்டு கம்பி அறுந்த கதையைச் சொன்னார்.

கைதட்டல் கேட்டது. பெரிய கைதட்டல். அறுபது பேர் என்று நம்ப முடியாது. இடைவேளை விட்டு, கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் வந்தாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் இரண்டு குச்சி. கட்டைவிரலில் தோல் கிழிந்திருந்தது. முகம் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"பிரமாதம்மா!" என்றார் டாக்டர். அங்கேயே நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். இந்த இனத்துக்கு நிறுத்தத் தெரியாது. "ஆனா ஒண்ணு. நடுவுல டிரம்ஸ் கொஞ்சம் அவசரம். அன்னிக்கு அந்த ஆளு வாசிச்சப்ப..."

"நடுவுல நான் டிரம்ஸ் வாசிக்கலப்பா" என்றாள். "நிறுத்திட்டுப் பாடினேன்."

பஸ் டிரைவர் டீ கப்புக்குள் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். பின்னால் வந்து நின்ற மனைவி, குரலை உயர்த்தாமல், கணக்கில் தப்புப் போட்ட பையனிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "உங்க சீட்ல என் கைப்பையை வச்சிருந்தேங்க. ரெண்டு பாட்டையும் அதுதான் உட்கார்ந்து கேட்டுது."

"ஹாலுக்கு வெளிய நின்னாத்தான் ஒலி எப்படி இருக்குன்னு தெரியும்" என்றார் டாக்டர்.

பெண் அழவில்லை, கோபிக்கவில்லை. "சரிப்பா" என்றாள். முகத்து விளக்கை யாரோ அணைத்தார்கள். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துப் பல்லுக்கு கேப் போடப் போனேன். நாற்காலி சாய்ந்தது. பஞ்சு வந்தது. குழாய் வந்தது. டாக்டர் என் முகத்துக்குமேல் குனிந்து, "என் பொண்ணோட முதல் கச்சேரி இருக்கே" என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு நான் அங்க இருந்தேன் சார். மூணாவது வரிசை. நாலாவது பாட்டு. நல்லா வேகம் எடுத்து அடிச்சுக்கிட்டு வந்தவ திடீர்னு குச்சியைக் கீழ வச்சிட்டுப் பாடினா பாருங்க... இப்ப நெனச்சாலும் சிலிர்க்குது."

நான் அவரைப் பார்த்தேன். கதவைச் சாத்தியபோது பக்கத்தில் நின்ற என்னிடமே சொல்கிறார்! கண்ணில் தண்ணீர். நிஜத் தண்ணீர். இந்த இனத்தைப் பொய்யர்கள் என்று சொன்னால் அது பொய்யர்களுக்கு அவமானம். பொய்யனுக்குத் தான் சொல்வது பொய்யென்றாவது தெரியும். "ஆ... ஆ..." என்றேன். "வலிக்குதா?" என்றார்.

கை கழுவ அவர் உள்ளே போனபோது நர்ஸ் அக்கா என் காதருகே வந்தார். "போன வாரம் ரெண்டாவது கச்சேரி நடந்துது சார். இந்தத் தடவை பெரிய இடம். டீச்சரம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் குடுத்தா. அப்பாகிட்டச் சொல்லவேணாம் அக்கான்னா."

என் கண் கேட்ட கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது.

"இவருக்குத் தெரியும். மறுநாள் ஒரு பேஷன்ட் வந்து, 'உங்க பொண்ணு அசத்திட்டா டாக்டர், உங்களைத்தான் தேடினேன், காணோமே'ன்னுட்டாரு. அன்னிக்கு முழுக்க இவரு ஒரு வார்த்தை பேசல. கதை இல்லை, ஒண்ணும் இல்லை. ஆறு பேருக்குப் பல்லு பிடுங்கினாரு. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் அந்த நாற்காலியில அவரே படுத்துக்கிட்டு விட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

"அப்புறம்?" என்றேன், பஞ்சுக்கு இடையில்.

"அப்புறம் என்ன, அடுத்த நாள் மறுபடி ஆரம்பிச்சுட்டாரு."

சொல்ல மறந்துவிட்டேன்: அந்த இரண்டாவது கச்சேரிக்கு எனக்கும் டிக்கெட் வரவில்லை. நடைபாதையில் நின்றது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர் என்பதை அந்தப் பெண் எண்ணியிருக்கிறாள். கணக்கு டீச்சர் மகள்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. உங்களுக்குத் தெரிந்த ஒரு சித்தப்பா, ஒரு மேனேஜர், ஒரு பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டவேண்டும் என்றும் தோன்றியிருக்கும். தாராளமாக. ஆனால் ஒன்று. இந்த இனத்தில் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்பதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, கடிதம் எழுதுவதில்லை, சண்டைகூடப் போடுவதில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். வீட்டில் எல்லாம் வழக்கம்போலவே இருக்கும்.

கடைசியாக உங்களிடம் யாராவது "இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்" என்று சொன்னது எப்போது?

யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை.