பிரவுசருக்குள் ஒரு தாடி

இன்றைக்கு அந்தத் தாடிக்காரனின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியே தீருவது என்று சபதம் எடுத்தேன்.

என் மனைவி, பிரவுசர் தயாரிக்கும் கம்பெனியில் டெஸ்டர். அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. தாடிக்காரன் அவளோடு சேர்ந்து தேடுகிறவன். ஆபீசில் தேடியது போதாதென்று சாயங்காலமும் போன். அவன் ஏதோ சொல்வான். இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மூக்குக்கண்ணாடி விற்கிற நானும் ஜோக் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை சிரித்தாள். அதுவும் நான் நாற்காலியிலிருந்து விழுந்ததற்கு. வயிறு எரியாதா எனக்கு?

"அப்படி என்னதான் பேசிக்கிறீங்க?"

"ஓட்டையைப் பத்திங்க. கட்டத்துல பேரைக் கேட்டா, பேருக்குப் பதிலா யாராவது கட்டளை எழுதிடறாங்க. பிரவுசர் சரிபார்க்காம அதையும் உள்ள விட்டு, சொன்னதைச் செஞ்சுடுது."

"என்ன கட்டளை?"

"உங்களுக்கு எதுக்கு?"

"சும்மா, பொது அறிவுக்கு."

"நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல மேல இருக்கற கட்டத்துல 'பூட்டைத் திற'ன்னு அடிச்சா போதும். என் சாட் மொத்தமும் வந்துடும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

நானா விடுவேன்?

அவள் குளிக்கப் போனாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பாய்ந்தேன். அடித்தேன். ஒரு பக்கம் திறந்தது. 'யாருடைய சாட் வேண்டும்?' 'தாடிக்காரன்' என்று எழுதினேன். 'காரணம்?' காரணமா! ஒரு வாரமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் கொட்டினேன். 'என்னிடம் இல்லாதது அவனிடம் அப்படி என்ன இருக்கிறது? அந்தத் தாடியை எடுத்துவிட்டால் அவன் மூஞ்சியை யார் சீந்துவார்? என் பெண்டாட்டி என்னோடு அப்படிச் சிரிக்க வேண்டும்.' பட்டனைத் தட்டினேன். 'நன்றி' என்றது திரை. சாட் வரவில்லை.

குளியலறைக் கதவு திறந்தது. கையில் போனோடு அவள்.

"குளிக்கலையா?"

"குழாயே திறக்கலை. ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க. கேட்டா ஒண்ணுமில்லைங்கறீங்க. இப்பத்தானே வாயைத் திறந்திருக்கீங்க!"

"அப்ப அந்த ஓட்டை?"

"அதை நேத்தே அடைச்சாச்சு. நீங்க பார்த்தது உங்களுக்குன்னே செஞ்ச பக்கம். பிரவுசர் திருந்திடுச்சுங்க. நீங்கதான் யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிடறீங்க."

"பக்கத்தைச் செஞ்சது யாரு?"

"அவர்தான். நீங்க எழுதினது அவருக்கும் போயிருக்கு."

"என்ன... என்ன சொல்றார்?"

அவள் போனைப் பார்த்தாள். "பாவம், ரொம்ப சங்கடப்படறார். உங்க மனசு நிம்மதியா இருக்கட்டும்னு தாடியை இன்னைக்கே எடுத்துடறாராம்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. எப்படியோ, ஜெயித்தது நான்தானே!

மறுநாள் சாயங்காலம் வீடியோ கால் வந்தது. அவள் தோளுக்குப் பின்னால் நின்று, வெற்றிச் சிரிப்போடு எட்டிப் பார்த்தேன்.

அடப்பாவி, சினிமா ஹீரோ மாதிரி இருக்கிறான்! தாடியோடு இருந்தபோதே தேவலை.