கால்வாய்க்கு ஒரு செயலவை

பொது நிர்வாகமும் சமூக சேவையும் படிக்கும் பல்கலைக்கழக மாணவன் என்றோர் இனம் நம் பினாங்குத் தீவில் செழித்து வளர்ந்துவருகிறது. பயப்படாதீர்கள், கடிக்காது. கருத்துக் கேட்கும், அவ்வளவுதான்.

அடையாளம் காண்பது எளிது. நிகழ்ச்சி முடிந்து மாதங்கள் ஆகியும் கழற்றாத அட்டை கழுத்தில் தொங்கும், கையில் கோப்பு இருக்கும், கோப்புக்குள் நிகழ்ச்சி நிரல் இருக்கும், நிரலில் வரவேற்புரையும் நன்றியுரையும் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும், வீட்டில் அம்மா, "மத்தியானத்துக்கு மீன் வாங்கவா, கோழி வாங்கவா?" என்று கேட்டால், "இதனால பாதிக்கப்படறவங்க யார் யாரும்மா?" என்று அது திருப்பிக் கேட்கும். கோழிதான், வேறு யார்?

ஒரு பிரச்சினையைக் கண்டால் உங்களுக்கும் எனக்கும் முகம் சுளிக்கும். இதற்கு முகம் மலரும். பிரச்சினை என்று சொல்லவும் சொல்லாது. 'சவால்' என்று சொல்லும். சவால் கிடைத்தால் ஆய்வு. ஆய்வு இருந்தால் செயலவை. செயலவை இருந்தால் டி-சட்டை. டி-சட்டை என்ன நிறம் என்று முடிவாவதற்குள் அரைப் பருவம் ஓடிவிடும். அதற்குப் பிறகு சவாலுக்கு ஏது நேரம்?

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியிலேயே இதன் உயர்ந்த மாதிரி ஒன்று வசிக்கிறது. பெயர் ஷர்வின், மூன்றாம் ஆண்டு. தங்கமான பையன். இறுதித் திட்டத்துக்கு ஒரு நல்ல சமூகச் சவால் கிடைக்காமல் வாடிப்போயிருந்தவனை, கீழ்த்தளத்தில் தோசைக் கடை வைத்திருக்கும் குமுதா அக்கா ஒருநாள் கூப்பிட்டார்.

அக்காவின் கடைக்கு முன்னால் ஒரு கால்வாய். யாரோ ஒரு புண்ணியவான் அதில் பழைய மெத்தையைத் தள்ளிவிட்டுப் போக, தண்ணீர் தேங்கி, ஊர்க் குப்பையெல்லாம் அதன்மேல் படுத்துத் தூங்கி, நாற்றம் நாலாவது மாடிவரை ஏறிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் சில நாள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தோசையைப் பிய்த்துப் பார்த்தார்கள். பிறகு இரண்டு கையும் தேவைப்படும் ரொட்டி சானாய்க்காக, எதிரே மீரா சாகிப் கடைக்குப் போய்விட்டார்கள். இப்படியே போனால் கடையை மூடிவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போக வேண்டியதுதான் என்ற நிலை அக்காவுக்கு.

"தம்பி, நாலு கூட்டாளிங்கள கூட்டிட்டு வந்து அந்த மெத்தைய மட்டும் தூக்கிப் போட்ருலா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஷர்வினின் கண்கள் பளிச்சிட்டன. "தூக்கிடலாம்க்கா. மொதல்ல ஆய்வு செய்யணும்."

மறுநாளே கேள்விப் படிவத்தோடு வந்தான்.

"ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள, இந்த நாத்தத்துக்கு எவ்ளோ குடுப்பீங்கக்கா?"

"உனக்கும் மூக்கு இருக்குல்ல. மோந்து பாரு."

"நான் மோந்து பாக்கக் கூடாதுக்கா. ஆய்வாளர் நடுநிலையா இருக்கணும்."

அடுத்து செயலவை அமைந்தது. அதில் தலைவர், துணைத்தலைவர், உதவித் துணைத்தலைவர் என்று எல்லாரும் இருந்தார்கள். மெத்தையைத் தூக்குபவர் என்று மட்டும் பதவி இல்லை. வாராவாரம் அக்கா கடையில்தான் கூட்டம், அக்கா ஊற்றிய தேநீரில்தான் விவாதம். முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங் வைப்பதென்றும், பிரமுகர் டத்தோ ஷேக் அலாவுதீன் வந்து மெத்தையின் முதல் நுனியைத் தூக்கித் துப்புரவுப் பணியைத் தொடக்கிவைப்பார் என்றும், அதுவரை மெத்தையை யாரும் தொடக் கூடாது என்றும் ஒருமனதாகத் தீர்மானமானது. பதாகை அச்சானது. அதில் டத்தோவின் முகம் கால்வாயைவிட அகலம்.

மழைக்கு யாரும் கடிதம் அனுப்பவில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் அது பாட்டுக்கு வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டி, மெத்தையைப் புரட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சாலை வளைவில் ஒதுக்கியது. அந்த வழியாக வந்த குப்பை லாரியும், செயலவையின் அனுமதி பெறாமலே, அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ஞாயிறு காலை கால்வாயில் தெளிந்த நீர் ஓடியது. அக்கா கடையில் எல்லா மேசையும் நிறைந்திருந்தது. பதாகையோடு வந்த ஷர்வின், கால்வாயைப் பார்த்துச் சாவு வீட்டுக்கு வந்தவன்போல நின்றான்.

"என்னக்கா இது? யாரைக் கேட்டு சுத்தம் பண்ணீங்க?"

"மழை பண்ணுச்சு தம்பி. வந்தா கேட்டுச் சொல்றேன்."

"டத்தோ பத்து மணிக்கு வந்துருவாருக்கா. என் மார்க்கே இதுலதான் இருக்கு." குரலைத் தாழ்த்தினான். "உங்க கடைக் குப்பை இருக்குல்ல, தேங்காய் மட்டை, வாழையிலை, பழைய சாம்பார்… அதைக் கொஞ்சம் உள்ள போட்டுக்கலாமா? ஒரு மணி நேரம்தான். டத்தோவே எடுத்துருவாரு."

அக்கா நிறைந்திருந்த மேசைகளைப் பார்த்தார். நேற்றுவரை ஈ உட்கார்ந்திருந்த நாற்காலிகள் அவை. பழைய சாம்பார் உள்ளே போனால் இவர்கள் மறுபடி எதிர்க்கடைக்குத்தான். ஆனால் அக்கா வாராவாரம் செயலவைக்குத் தேநீர் ஊற்றியவர். சும்மாவா ஊற்றினார்? ஒரு காதைக் கூட்டத்தில் வைத்துக்கொண்டுதான் ஊற்றினார்.

"போடலாம் தம்பி. ஆனா சாப்பிடறவங்க கருத்தக் கேக்காம போட்டா தப்பாயிருமே."

ஷர்வின் உருகிப்போனான். "அக்கா, இதத்தான் நாங்க மக்கள் பங்கேற்புன்னு படிக்கிறோம்."

மக்கள் பங்கேற்றார்கள். காய்ந்த குப்பையென்றால் சம்மதம் என்றார் மூன்றாம் மாடி ஜெகதீஸ்வரி. காய்ந்ததை மட்டும் போட்டால் ஈரக் குப்பை போடுகிறவர்களுக்கு அநியாயம் என்றார் அய்யாக்கண்ணு அண்ணன். எந்தக் குப்பை என்று ஆராயத் துணைக்குழு வேண்டும் என்று ஒரு குரல். துணைக்குழுவுக்குத் தலைவர் யார் என்று இன்னொரு குரல். விவாதம் சூடேற ஏற, தோசையும் சூடாக வந்துகொண்டே இருந்தது. பேசுகிற வாய்க்குப் பசிக்காதா? துணைக்குழுவின் பெயர் முடிவாகிற நேரத்தில் டத்தோவின் கார் வந்து நின்றது.

டத்தோ கையுறை மாட்டிக்கொண்டு கால்வாயை எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். ஷர்வின் பதாகைக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"தம்பி, நானும் லோங்காங், கால்வாய்னு எத்தனையோ பாத்துட்டேன். போட்டுட்டு வந்த வெள்ளைச் சட்டை வெள்ளையாவே இருக்கிறது இதான் மொதத் தடவ. நல்ல வேலை." கையுறையைக் கழற்றினார். "தோசை மணக்குதே. உக்காரலாமா?"

டத்தோ உட்கார்ந்தார். அவரோடு வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். அக்காவின் மாவு தீர்ந்தது; தொழிற்சாலை வேலை பற்றிய பேச்சும் அதோடு தீர்ந்தது. மக்களின் முழுப் பங்கேற்பால் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே இலக்கு எட்டப்பட்டது என்று ஷர்வின் அறிக்கை எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினான். நன்றியுரையில் மழையின் பெயர் விடுபட்டுப்போனது. லாரியின் பெயரும்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் அதே கால்வாயில் காற்றில் பறந்து வந்து ஒரு நெகிழிப் பை விழுந்தது. தோசைக்குக் காத்திருந்த ஒருவர் எழுந்து, அக்கறையோடு குனிந்து, அதைப் படம் பிடித்து, குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் 'யாராவது கவனிக்கவும்' என்று போட்டார். அடுத்த நிமிடமே கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. பை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அந்தக் கட்டைவிரல்களில் ஒன்றை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. எங்கே, உங்கள் கையைக் கொஞ்சம் காட்டுங்கள்.