களை மீன் என்று நீ சொன்னவை

அன்புத் தம்பி எழிலரசனுக்கு,

நாராயணவனத்திலிருந்து அக்கா நளினி எழுதுவது. இங்கு நானும் மாமாவும் மாமரங்களும் நலம். பெங்களூர் ட்ராஃபிக்கில் நீயும் நலமாக ஊர்ந்துகொண்டிருக்க, கல்யாண வெங்கடேசர் அருளட்டும். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நம் குட்டையில் தானாகப் பெருகியிருக்கும் களை மீன்களைக் கொன்றுவிட்டுக் கட்லா மீன் குஞ்சு மட்டும் விடவேண்டும் என்று நீ அனுப்பிய இலுப்பைப் புண்ணாக்கு, அந்த மீன் விஷம், வந்தது. தோட்ட வேலைக்கு வரும் செங்கம்மாவோடு கரைக்கப் போனேன். முதல்நாள் நல்ல மழை. வரப்பில் ஒரு பனையேறிக் கெண்டை செவுள் மூடியை ஊன்றி ஊன்றி, பஸ்ஸைத் தவறவிட்ட வாத்தியார் மாதிரி நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒதுங்கி வழிவிட்டேன். மேலே வந்து காற்றுக் குடிக்க விடாமல் தடுத்தால் அந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்று கல்லூரிப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அன்று நம்பாமல்தான் எழுதினேன். அந்த நினைப்பிலேயே மூட்டையைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தேனா, ஒரு விரால் பாய்ந்து வந்து கணுக்காலில் முட்டியது. நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால், அதன் பின்னால் குங்குமம் கொட்டினாற்போல் அத்தனை குஞ்சுகள்!

செங்கம்மா கைகொடுக்காமல் சிரித்தாள். "பெத்தவன் முட்டாம இன்னா பண்ணுவான்க்கா? எங்க ஊட்டுக்காரு ஒரு நாளு புள்ளயத் தூக்கனாரா? இதப் பாரு, துன்னாம கூட காவ காத்துக்கினு கீது. இதுக்கா வெசம் வெக்கப் போற?"

எழில், என்னால் முடியவில்லை. போன வருஷம் பக்கத்துத் தோட்டக்காரர் திருவேங்கடத்தின் குட்டையில் ஒரே ஜாதி மீன். வானம் மூடிக் கிடந்ததில் தண்ணீரில் காற்றுக் குறைந்து, ஒரே காலையில் மொத்தமும் வெள்ளையாக மிதந்தது. நம் குட்டையிலோ ஒருவன் தண்ணீரில் மூச்சு விடுகிறான், இன்னொருவன் வானத்திலிருந்து வாங்குகிறான். கொசுப்புழு தின்ன ஒருவன், சேற்றைக் கிளற ஒருவன். ஒருவன் விழுந்தால் மற்றவன் குட்டையைத் தாங்குவான். இவர்களையா களை என்கிறாய்? புண்ணாக்கை மாமரங்களுக்குப் போட்டுவிட்டேன். கட்லாவும் வரட்டும், பையன்களோடு பையனாக வளரட்டும்.

ரக்ஷிதாவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் சிரிப்பும் சோறும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா நளினி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நீ சொல்லிவைத்த வண்டி வந்துவிட்டது. "எல்லாரும் ஒற்றுமையா இருங்கப்பா" என்று சொல்லி, கட்லாக் குஞ்சுகளை நானே விட்டேன். மற்ற விரால்கள் எங்கே ஒளிந்திருந்தனவோ! செங்கம்மா வெற்றிலை மென்று முடிப்பதற்குள் ஒரு குஞ்சுகூட மிச்சமில்லை. நீ சொன்னதுதான் சரி போலிருக்கிறது. ஆனால் என்ன வேகம், என்ன அழகு! இன்னொரு வண்டி அனுப்பு. இவர்களுக்குப் பிடித்திருக்கிறது.