நல்லது கெட்டது என் பொறுப்பு

மதிப்பிற்குரிய அண்ணன் தமிழ்வேந்தன் அவர்களுக்கு,

தங்கை எழில்மதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மா நலம், அப்பா நலம், வெள்ளாடுகள் இரண்டும் நலம். தாங்கள் ஓசூரில் நலமா என்று கேட்கப் போன் செய்தால், கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்களாம். அறைக்கு வந்ததும் தாங்கள் தூங்கிவிடுகிறீர்கள். ஆகவே இக்கடிதம். (தாங்கள், தாங்கள் என்று எழுதக் கை வலிக்கிறது. இனி நீ.)

பொங்கலுக்கு லீவு இல்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். பரவாயில்லை, அண்ணா. வராதே. அப்பா கரும்பு டிராக்டரோடு மூங்கில்துறைப்பட்டு மில் வாசலில் மூன்று நாளாக வரிசையில் நிற்கிறார், அம்மா களை எடுக்கப் போனால் இருட்டித்தான் வருகிறார், ஆனாலும் எனக்குப் பொழுது போகாமல் இல்லை. நூலகத்தில் எடுத்த புத்தகங்களை இரண்டாம் முறை படித்துவிட்டேன். நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் விளையாட்டில் பறக்கும் வீரன் இருக்கிறான், அவனுக்கு ஒரு நகரமே இருக்கிறது.

முன்பு நீ சண்டை போடுவாய். நடுவில் ஆட்டம் நின்று, நீலப் பொத்தானா, சிவப்புப் பொத்தானா என்று கேட்கும்போது என் பக்கம் திரும்பி, "அடிக்கிறது நானு, நல்லது கெட்டது உன் பொறுப்பு" என்பாய். நீலம் நல்லது, சிவப்பு கெட்டது. நான் ஒருமுறைகூடச் சிவப்பை அழுத்தியதில்லை. அதைக் கிண்டல் செய்துதானே சங்கராபுரம் பஸ் நிலையத்தில் ஓசூர் பஸ் படியில் நின்றபடி சொன்னாய், "நீ என்னிக்காவது செவப்ப அமுத்தினன்னு தெரிஞ்சா, வேலய வுட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பேன்" என்று? கண்டக்டர்கூடச் சிரித்தார்.

இப்போது அடிக்கிறதும் நான் என்பதால்தான் தொல்லை. முதல் வாரம் பறக்கப் பயந்து வீரனைச் சாலையின் இடது ஓரமாகவே நடக்க வைத்தேன், ஒரு திருடனைத் துரத்தும்போது சிவப்பு விளக்கு விழுந்துவிட்டது, நான் நின்றேன், திருடன் நிற்கவில்லை. அடுத்த வாரம் மயங்கிக் கிடந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு பறந்து, ஆஸ்பத்திரிக்கு நேர் மேலே பொத்தானை மாற்றி அழுத்திக் கீழே போட்டுவிட்டேன், அது கெட்ட கணக்கில் சேர்ந்து அதைத் தீர்க்க நாலு நாள் ஆனது. அப்புறம் பாலத்தில் தொங்குகிற பஸ்ஸா, தீப்பிடித்த பள்ளிக்கூடமா, எதைக் காப்பாற்றுவாய் என்று ஆட்டம் கேட்டு முப்பது நொடி கொடுத்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை நான் ஒருத்தியாக எப்படி முடிவு செய்வது? அம்மாவைக் கேட்கக் கிணற்றடிக்கு ஓடினேன். அம்மா முழுக்கதையும் கேட்டுவிட்டு, "ரெண்டையும் காப்பாத்த முடியலன்னா அவனுக்கு எதுக்குடி அத்தினி சக்தி?" என்றார். திரும்பி வருவதற்குள் இரண்டும் போய்விட்டன. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் அக்கா வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா பாப்பா, வந்ததுலேர்ந்து பறந்துகினே இருக்கான், ஒரு வாய் சோறு துண்ணலியே" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அன்று முழுக்க, நான் காப்பாற்றிய ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் வீரனைக் கூட்டிப் போனேன். எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிகிறது, ஒரு கதவும் திறக்கவில்லை. கதவு மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நூலகம்கூட அப்படித்தான். காபிக்கடை ஓரமாக ஒரு பெரியவர் மட்டும் இருக்கிறார், கிட்டே போனால் "நீ வந்ததால் பிழைத்தோம்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தால் மறுபடியும் முதல் தடவை பார்ப்பது போலவே சொல்வார். அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தே, பள்ளி விட்டு வந்ததும் தினமும் பத்துத் தடவையாவது போகிறேன்.

என்னை நினைத்துக் கவலைப்படாதே. வேலையைக் கவனமாகப் பார். நேரத்துக்குச் சாப்பிடு, அந்த அறையிலாவது யாரேனும் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களா? அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார். ஆடுகள் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அன்புத் தங்கை,
எழில்மதி,
ஒன்பதாம் வகுப்பு.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று சாயங்காலம் கடைசிக் கேள்வி வந்தது. அணையைக் காப்பதா, உடைப்பதா என்று. சிவப்பை அழுத்திவிட்டேன். கை தவறவில்லை, இருபத்தெட்டு நொடி யோசித்துத்தான் அழுத்தினேன். நகரம் முழுக்கத் தண்ணீர். காபிக்கடைப் பெரியவர் வீரனைக் கல்லால் அடிக்கிறார். அம்மா சாட்சி. நீ அன்று சொன்னது அடுத்த பஸ். அது சங்கராபுரத்துக்கு எத்தனை மணிக்கு வரும், அண்ணா?