மோட்டார் மணி பத்து

கரண்ட் போனால் விளக்கு அணையும், மோட்டார் நிற்கும். இது எல்லோருக்கும் தெரியும். கரண்ட் போனால் நேரமும் நின்றுவிடும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் முழுமனதோடு நம்பி உட்கார்ந்திருந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஐ.டி.ஐ.யில் வயரிங் படித்து முடித்திருந்தேன். (முடித்திருந்தேன் என்பதைக் கவனிக்கவும். படிக்காதவன் செய்யக்கூடிய காரியமல்ல இது.)

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. செலியமேட்டில் எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரு கிணறு, அதில் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று. ஆறு மணி நேரம் பெரியப்பா வயலுக்குத் தண்ணீர், அடுத்த ஆறு மணி நேரம் எங்கள் வயலுக்கு. இதற்கு முறை என்று பெயர். பெயர்தான் முறை. நடந்ததெல்லாம் சண்டை.

சண்டைக்குக் காரணம் கரண்ட். அது எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பா முறையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனால் அந்த இரண்டு மணி நேரம் யாருடைய நஷ்டம்?

"மணி ஓடுனா முறை ஓடுது. ஆறு மணி நேரம் ஆயிட்சி, எறங்கு" என்பார் அப்பா.

"தண்ணி ஓடுனாத்தான்டா முறை ஓடும். கொழாயில காத்துதான வந்துச்சு? அதுக்கு எதுக்குக் கணக்கு?" என்பார் பெரியப்பா.

அடுத்த வாரம் எங்கள் முறையில் கரண்ட் போகும். அப்போது அப்பா பெரியப்பாவின் வசனத்தைப் பேசுவார், பெரியப்பா அப்பாவின் வசனத்தைப் பேசுவார். ஒரு வார்த்தைகூட மாறாது.

மோட்டார் கொட்டகையில் எங்கள் வீட்டு டைம்பீஸ் ஒன்றை வைத்திருந்தோம். இவர்கள் முள்ளைத் தள்ளி வைக்கிறார்கள் என்று அவர்களும், அவர்கள்தான் தள்ளுகிறார்கள் என்று நாங்களும் பேசிக்கொண்டிருந்தோம். (இரண்டு தரப்பும் சொன்னது உண்மை. நானே இரண்டு தடவை தள்ளியிருக்கிறேன்.) ஒருநாள் வாக்குவாதம் முற்றி, பெரியப்பா அந்த டைம்பீஸை எடுத்துக் கிணற்றுக்குள் வீசிவிட்டார். அதோடு எங்கள் வீட்டில் மணி பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அன்றைக்கே நான் முடிவெடுத்தேன். இந்தச் சண்டையை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை.

என் தாய்மாமன் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு முசியே வீட்டில் சமையல் வேலை செய்தவர். அந்தக் குடும்பம் கப்பல் ஏறியபோது சாமான்களோடு சாமானாக ஒரு சுவர்க் கடிகாரத்தை மாமனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அதற்குச் சாவி கிடையாது, வாலாக ஒரு வயர் இருந்தது. கரண்டில் ஓடும் கடிகாரம். கரண்ட் போனால் நின்றுவிடும் என்பதால் மாமி அதைச் சனியன் என்று அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிற்பதுதானே நமக்கு வேண்டும்!

கடிகாரத்தைக் கொண்டுவந்து மோட்டார் கொட்டகையில் மாட்டினேன். ஸ்டார்ட்டருக்குப் பின்னாலிருந்து வயர் எடுத்து இணைத்தேன். மோட்டார் ஓடினால் கடிகாரம் ஓடும். மோட்டார் நின்றால் கடிகாரமும் நிற்கும். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை பெரியப்பா முறை, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் முறை. ஊரில் அப்போது காலையா மாலையா என்ற கவலையே வேண்டாம். கரண்ட் போன நேரம் யார் கணக்கிலும் வராது. யாரும் முள்ளைத் தொடாதபடி முன்னால் கம்பிவலையும் அடித்தேன்.

பெரியப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "இப்ப மணி இன்னாடா?"

"இதுல பன்னண்டு, பெரியப்பா."

"நான் இப்பதான்டா காலையில பல்லு வெளக்கிட்டு வரேன்."

"அது ஊர் மணி. இது மோட்டார் மணி" என்றேன். ஒரு மனிதன் தன் தலைவிதியைத் தானே எழுதிக்கொள்ளும்போது கை நடுங்குவதில்லை.

பக்கத்து வயலில் நடவு ஆட்களுக்குத் தலைவியாக இருந்த அஞ்சலை அக்கா சேற்றில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, கரண்டு போனா உன் மோட்டாரு நிக்கும், கெடிகாரமும் நிக்கும். எங்க பசி நிக்குமா?"

"அக்கா, இது தண்ணிக்கு. ஆளுக்கு இல்ல."

"அத்தெ நல்லா நெனப்பு வச்சிக்கோ" என்றார் அவர். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் பெரியப்பா ஒரு நிபந்தனை போட்டார். "ஏழு நாள் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு சண்டை வந்தாலும் இதுவும் கெணத்துக்குள்ளதான் போவும்."

ஆறு நாட்கள் சண்டையில்லாமல் போயின. ஆனால் அந்த ஆறு நாட்களும் நான் டீக்கடையிலும் ரைஸ்மில் வாசலிலும் கோயில் குளத்திலும் ஊர் மணிக்கும் மோட்டார் மணிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டே இருந்தேன். யாராவது சிரித்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஆறாம் நாள் என்னைக் கண்டதும் சலூன்காரர் பாதிச் சவரத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு எனக்கு இண்டர்வியூ. புதுச்சேரியில் ஒரு நூல் மில். என்ன வேலை தெரியுமா? உதவி டைம் கீப்பர். தொழிலாளர்கள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பார்த்துக் குறிக்கிற வேலை. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பள வேலைக்கு வந்த முதல் கடிதாசு அது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, தினமும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகுவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அன்று பார்த்து அப்பா கரையாம்புத்தூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தார். தண்ணீர் எங்கள் முறை. "அஞ்சலையப் பாத்துக்கச் சொல்லிட்டு நீ கெளம்பு" என்றாள் அம்மா. நான் கேட்கவில்லை. ஏழாம் நாள் முறை தப்பிச் சண்டை வந்தால் பெரியப்பா கடிகாரத்தைக் கிணற்றில் போட்டுவிடுவார். வேலையும் வேண்டும், கடிகாரமும் ஜெயிக்க வேண்டும். சட்டையையும் சர்டிபிகேட்டுகளையும் அந்தக் கடிதாசையும் எடுத்துக்கொண்டு விடியும்போதே வயலுக்குப் போனேன்.

ரைஸ்மில்லில் ஆறு மணிச் சங்கு ஊதியது. மோட்டாரைப் போட்டேன். மோட்டார் மணி அப்போது சரியாக ஒன்பது. கணக்குப் போட்டேன். எனக்கு பஸ் எட்டரைக்கு. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஊர் மணி எட்டு என்றால் மோட்டார் மணி பதினொன்று. பதினொன்று ஆனதும் அஞ்சலை அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். கணக்கு சரிதான். இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் சரிதான்.

மோட்டார் மணி பத்து ஆனபோது கரண்ட் போய்விட்டது.

நான் கொஞ்சமும் கலங்கவில்லை. மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து பொது அறிவுப் புத்தகத்தைப் பிரித்தேன். பதினொன்றுக்குக் கிளம்ப வேண்டும், மணி பத்து. கைவசம் ஒரு முழு மணி நேரம் இருக்கிறது. ஒரு பாடம் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மணி பத்து. இன்னொரு பாடம் முடித்தேன். மணி பத்து. இன்றைக்கு என்ன வேகமாகப் படிக்கிறோம் என்று எனக்கு என் மீதே மரியாதை வந்தது.

"தம்பி, வெயிலு ஏறுது" என்றார் அஞ்சலை அக்கா.

"சரிக்கா."

கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, பாகூர் ரோட்டுல பஸ்ஸு ஆரன் அடிச்சிச்சு."

"அது வேற பஸ்ஸாருக்கும்க்கா. இன்னும் மணி ஆவல."

நடவு ஆட்கள் எல்லோரும் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு நாளாகக் கேட்ட விளக்கத்தை மறுபடியும் கேட்க யாருக்குமே தெம்பில்லை. குனிந்து நாற்றை நட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பெரியப்பா சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே காலை ஊன்றி நின்றார்.

"இன்னாடா இங்க குந்தியிருக்க? இண்டர்வியூக்குப் போவல?"

"இன்னும் பத்துதான் பெரியப்பா. பதினொண்ணுக்குக் கெளம்பணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் நிழலை விரலால் சுட்டிக் காட்டினார். நான் அந்த நிழலைப் பார்த்தேன். எட்டு மணி நிழல் இல்லை அது. அம்மா அந்தக் கடிதாசைச் செருகி வைக்கும் கை ஞாபகம் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைத்து என்ன பயன், அழுதேன்.

"ஏறுடா பின்னாடி!" என்று கத்தினார் பெரியப்பா.

"பெரியப்பா, முறை..."

அவர் திரும்பி அஞ்சலை அக்காவிடம் சொன்னார்: "அஞ்சலை! கரண்டு வந்தா மோட்டாரப் போட்டு இவங்க வயலுக்கே உடு. இந்தக் கெடிகாரத்துல பன்னண்டு ஆவற வரைக்கும். இன்னும் ரெண்டு மணி நேரத் தண்ணி இவங்களுது."

ஏழு நாளாக நான் வாங்க நினைத்த வார்த்தை அது. நன்றிகூடச் சொல்லாமல் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

பத்துப் பன்னிரண்டு மைல். ஐம்பது வயது மனிதர் மிதித்தார். நான் மிதிக்கிறேன் என்றதற்கு, "நீ மிதிச்சா எந்த மணிக்குப் போய்ச் சேருவமோ" என்றார். அரியாங்குப்பம் பாலத்தில் எதிர்காற்று. ஓடும் சைக்கிளில் சட்டை மாற்றும்போது இடது கை வலது கைக்குள் போய்விட்டது. முழங்கால் வரை சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டே வந்தது. வழியில் தேங்காய் விற்றவர் எங்களைப் பார்த்து யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றார்.

மில் வாசல் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து. அந்தக் கடிகாரம் ஊர் மணியைத்தான் காட்டியது.

உள்ளே மூன்று அதிகாரிகள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "டைம் கீப்பர் வேலைக்கா?"

"ஆமாம் சார்."

"ஒரு மணி நேரத்துக்கு மேல லேட். காரணம்?"

பஸ் பஞ்சர், பாட்டி சாவு, வயிற்றுவலி. எத்தனையோ பொய்கள் இருந்தன. ஆனால் நான் பிடிவாதக்காரன். உண்மையைச் சொன்னேன். கிணற்றிலிருந்து ஆரம்பித்தேன். இண்டர்வியூ கடிதாசின் பின்பக்கம் ஸ்டார்ட்டர், வயர், கடிகாரம் எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினேன். ஓரத்தில் இருந்தவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். நடுவில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நல்ல ஏற்பாடுதான்" என்றார். "அப்போ நம்ம மில்லுல கரண்ட் போனா? அந்த நேரத்தைத் தொழிலாளி கணக்குல சேர்க்கலாமா, கூடாதா?"

அஞ்சலை அக்கா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "சேர்க்கணும் சார். கரண்ட் போனா மெஷின் நிக்கும். ஆளுக்குப் பசி நிக்காது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் நடவு ஆட்கள் பார்த்துக்கொண்ட அதே பார்வை.

"உங்க கடிகாரத்துல ஒரு தப்பும் இல்ல தம்பி" என்றார் நடுவில் இருந்தவர். "ஆனா வேலைக்கு அரை மணி முன்னாடிதான் ஆள் எடுத்தோம். நீங்க போகலாம்."

வாசலில் பெரியப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். "கெடச்சிதா?"

"இல்ல."

"லேட்டுக்கு இன்னா சொன்ன?"

"உண்மையத்தான் சொன்னேன்."

"படம் போட்டுக் காட்டுனியா?"

நான் தலையசைத்தேன். அவர் சைக்கிளோடு சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு எனக்கு ஒரு டீயும் இரண்டு பன்னும் வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது நான் மிதித்தேன். பாகூர் வந்து சேரும்வரை பின்னாலிருந்து அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

மறுநாள் கரையாம்புத்தூரிலிருந்து வந்த அப்பாவிடம் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்: "கெடிகாரம் சரியாத்தான்டா கீது. செஞ்சவன்தான் நின்னுட்டான்." கடிகாரம் கிணற்றுக்குள் போகவில்லை. தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. நான் பாகூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்தேன். அம்மா அந்தக் கடிதாசை மறுபடி சாமி படத்துக்குப் பின்னால் செருகியவள், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பின்பக்கம் நான் போட்ட மோட்டார் படத்தோடு அது அங்கேயேதான் இருந்தது.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கும் பொறுப்பை மூத்தவர் என்ற முறையில் பெரியப்பா எடுத்துக்கொண்டார். அடித்து வந்ததைப் பிரித்துப் பார்த்தேன். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஊர் மணிப்படி' என்று அச்சடித்திருந்தார். பெண் வீட்டார் என்னவென்று கேட்க, அவர் உட்கார்ந்து கிணற்றிலிருந்து கதையை ஆரம்பித்திருக்கிறார்.

கல்யாணத்தன்று ஒரு மணி நேரம் முன்னாலேயே மணையில் போய் உட்கார்ந்துவிட்டேன். பந்தலில் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் கொட்டச் சொல்லிக் கையைத் தூக்கினார் ஐயர். நான் தாலியைக் கையில் எடுத்தேன். கரண்ட் போய்விட்டது. மைக்செட் நின்று, பந்தல் முழுக்க ஒரு கணம் சத்தமே இல்லை. அந்த அமைதியில், கடைசி வரிசையிலிருந்து அஞ்சலை அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அவசரப்படாத தம்பி! இன்னும் மணி ஆவல!"

எங்கள் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தலைகுனிந்து இருக்க வேண்டிய மணப்பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால் அவள் சமையலறையிலிருந்து கேட்கும் முதல் கேள்வி, "இன்னாங்க, உங்களுக்கு இப்ப மணி இன்னா?" என்பதுதான்.

பத்து என்று சொல்லிவிடுவேன்.